அடித்த எழுத்து எங்கே நிற்கிறது?

பிரவுசரில் தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கி வந்தால், முதல் வசவு இணைய இணைப்புக்குத்தான். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிவிட்டு மோடத்தை அணைத்துப் போடுகிறவர்கள் ஏராளம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மின்னஞ்சல் பெட்டியிலோ விண்ணப்பப் படிவத்திலோ நீங்கள் அடிக்கும் எழுத்து, திரையில் தெரிவதற்காக வெளியூர் எங்கும் போய்வருவதில்லை. உங்கள் மேசையிலேயே பிறந்து அங்கேயே வரையப்படுகிறது. சந்தேகம் இருந்தால் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வைஃபையை அணைத்துவிட்டு, அதே கட்டத்தில் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் வந்துகொண்டேதான் இருக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போதுதான் இணைப்பு தேவைப்படும். இணைப்பு இல்லாதபோதும் தாமதம் அப்படியே நீடித்தால், மோடத்தை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேட வேண்டியதுதான்.

இணையத்தின் மேல் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டதற்குப் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது. டெல்நெட் காலத்தில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த இடத்திலிருந்து வேலை செய்தவர்களுக்கு, அடித்த எழுத்து அங்கே போய்த் திரும்பி வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். எழுத்து ஒரு பைட். அதைச் சுமந்து செல்லும் பொட்டலத்தின் முகவரித் தலைப்பு 40 பைட். ஆக, ஒவ்வொரு விசைக்கும் 41 பைட் கிளம்பியது. ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் 1984இல் இதற்கு வழி சொன்னார்: முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வராதவரை, அடுத்து வரும் எழுத்துகளைச் சேர்த்து வைத்து ஒரே பொட்டலமாக அனுப்பு. நெரிசல் குறைந்தது. ஆனால் தொலைதூர இணைப்புகளில் எழுத்துகள் கொத்துக் கொத்தாக வரத் தொடங்கின. 2012இல் எம்ஐடியைச் சேர்ந்த கீத் வின்ஸ்டீனும், சென்னை ஐஐடியில் படித்துப் பிறகு எம்ஐடி பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் வேறு கோணத்தில் இதை அணுகினார்கள். மோஷ் என்ற அவர்களுடைய மென்பொருள், சர்வர் என்ன பதில் தரும் என்று ஊகித்து எழுத்தை உடனே உங்கள் திரையில் காட்டிவிடும். ஊகம் தவறானால் பிறகு திருத்திக்கொள்ளும். 3ஜி இணைப்பில் அவர்கள் அளந்தபோது, வழக்கமான முறையில் எழுத்து தெரிய ஆன இடைநிலை நேரம் 503 மில்லி விநாடி. மோஷில் 5 மில்லி விநாடிக்கும் குறைவு.

இன்றும் பிரவுசர் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டரின் முழுத்திரையையே இழுத்து வைத்து வேலை செய்கிறவருக்கு இணைப்புதான் எமன். ஒவ்வொரு விசைக்கும் சர்வரைக் கேட்டுத் தமிழாக்கித் தரும் ஒலிபெயர்ப்புக் கருவிகளைப் பயன்படுத்துகிறவருக்கும் அப்படியே. மற்ற எல்லோருக்கும் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

எழுத்து மேசையை விட்டு நகர்வதில்லை என்பதற்காக, அது நேரே திரைக்கு வந்துவிடுகிறது என்று பொருளில்லை. விசையை அழுத்தியதும் கீபோர்டுக்குள் இரண்டு மின்முனைகள் சேர்கின்றன. சேரும்போது ஒரே தடவையில் அமைதியாக ஒட்டிக்கொள்ளாமல், சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளுகின்றன. ஒரு அழுத்தலை மூன்று எழுத்தாகக் காட்டிவிடக் கூடாதே என்று, கீபோர்டின் சில்லு அந்தத் துள்ளல் அடங்கச் சுமார் 5 மில்லி விநாடி பொறுத்துப் பார்க்கிறது. அதற்குப் பிறகும் அது கம்ப்யூட்டரைத் தானாகக் கூப்பிட முடியாது. யுஎஸ்பி ஏற்பாட்டில் கேள்வி கேட்கும் உரிமை கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். சாதாரண கீபோர்டுகளிடம் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும், விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கப்படுபவற்றிடம் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. பதில் கிடைத்ததும் இயங்குதளம், எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று பார்த்து, எழுத்தைப் பிரவுசரிடம் ஒப்படைக்கிறது. பிரவுசரின் தலைமைப் பகுதி அதை அந்த டேபுக்கு உரிய தனிப் பகுதியிடம் தள்ளிவிடுகிறது. அங்கே பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பார்வையிடுகிறது, எழுத்து கட்டத்துக்குள் சேர்கிறது, எது எங்கே, எந்த அகலத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு நடக்கிறது, பிறகு வரையப்படுகிறது, கிராஃபிக்ஸ் சில்லு எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கித் திரைக்கு அனுப்புகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையானால், பட்டியலில் அடுத்த இடம் கிடைக்க 16.7 மில்லி விநாடி வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனை கைமாற்றங்களின் விலை என்ன என்று டான் லூ என்ற பொறியாளர் 2017இல் பழைய, புதிய கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, வேகக் கேமராவால் படம்பிடித்து அளந்தார். விசை அழுந்தியதிலிருந்து எழுத்து தெரியும்வரை 1983இன் ஆப்பிள் 2இ எடுத்துக்கொண்டது 30 மில்லி விநாடி. அவர் சோதித்த நவீன கம்ப்யூட்டர்கள் பலவும் 100ஐத் தாண்டின. அதுவும் பிரவுசர்கூட இல்லாமல், வெறும் கட்டளைச் சாளரத்தில். ஆப்பிள் 2இ ஒன்றும் கெட்டிக்கார இயந்திரமல்ல. அதில் விசைக்கும் திரைக்கும் நடுவே ஆட்கள் குறைவு, அவ்வளவுதான்.

இந்த மில்லி விநாடிகள் மனிதருக்கு உறைக்குமா? ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகம் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வு, 1,68,000 பேர் இணையத்தில் தட்டச்சு செய்ததைப் பதிவுசெய்து 2018இல் வெளிவந்தது. சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து விசை என்பது ஆங்கிலத் தட்டச்சின் வழக்கக் கணக்கு. அப்படியானால் ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 230 மில்லி விநாடி. திரை 100 மில்லி விநாடி பின்தங்கினால் அடுத்த விசைக்கு முன் எழுத்து வந்து சேர்ந்துவிடும். 300 ஆனால் நீங்கள் எப்போதும் ஓரெழுத்து முன்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் மில்லர் 1968லேயே, விசையை அழுத்தியதற்கான அடையாளம் 0.1 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

கைதேர்ந்தவர்கள் திரையைப் பார்க்காமலேயே அடிப்பார்கள். அவர்களுக்குத் தாமதம் ஏன் எரிச்சலூட்ட வேண்டும்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கார்டன் லோகனும் மாத்யூ கிரம்ப்பும் 2010இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. தேர்ந்த தட்டச்சர்கள் சரியாக அடித்த சில சொற்களில் திரையில் மட்டும் பிழையைச் செருகினார்கள். தட்டச்சர்கள் உண்மையிலேயே செய்த சில பிழைகளைத் திரையில் சத்தமில்லாமல் திருத்தியும் காட்டினார்கள். விரல்கள் ஏமாறவில்லை: உண்மையான பிழைக்குப் பிறகு மட்டும் சற்றே வேகம் குறைந்தன. மனிதர்கள் ஏமாந்தார்கள்: திரையில் சரியாக இருந்தால் தாங்கள் சரியாக அடித்ததாகவும், தவறாக இருந்தால் தவறு தங்களுடையது என்றும் சொன்னார்கள். விரல்களை நடத்தும் உள்வட்டம் ஒன்று, திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வெளிவட்டம் ஒன்று என இரண்டு மேற்பார்வைகள் நமக்குள் இயங்குகின்றன. எழுத்து பிந்தும்போது விரல் தன் வேலையைச் சரியாகவே செய்துவிடுகிறது. வெளிவட்டத்துக்கோ எதுவும் நடக்காததுபோல் தெரிகிறது. உடனே நாம் நிறுத்திவிட்டுப் பின்நோக்கி அழிக்கிறோம், அந்த அழிப்பு விசைகளும் தாமதமாக வந்து, நல்ல எழுத்துகளையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன.

மேலே சொன்ன பாதையில் கீபோர்டும் திரையும் தின்னும் நேரம் பெரும்பாலும் மாறாதது, பழகிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று இழுக்கிறது என்றால், சிக்கல் நடுவில், பக்கத்தின் முதன்மை இழை எனப்படும் இடத்தில்தான் இருக்கும். ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், இட அமைப்புக் கணக்கு, விசைகளுக்கான எதிர்வினை எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே இழையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கின்றன. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கியபோது, படிவத்தைச் சரிபார்ப்பது மாதிரியான சில்லறை வேலைகளுக்கு ஒரே இழை தாராளமாகப் போதுமானதாக இருந்தது. இன்று அதே இழையில் முழு அலுவலகமே நடக்கிறது. ரேஷன் கடையில் பில் போட ஒரே ஆள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது கால் கிலோ சர்க்கரை. அரை நிமிட வேலை. முன்னால் நிற்பவர் ஐந்து கார்டுகளோடு வந்திருக்கிறார். நடுவில் அவரை நிறுத்தி உங்களைக் கவனிக்கும் வழக்கம் இங்கே கிடையாது. எடுத்த வேலை முடிந்தால்தான் அடுத்தவர் முறை. உங்கள் எழுத்துக்கு முன்னால் அப்படி நிற்பவர்கள் யார்? விளம்பரம், மூலையில் மிதக்கும் உரையாடல் பெட்டி, நீங்கள் எங்கே சுட்டியை நகர்த்துகிறீர்கள் என்று குறிப்பெடுக்கும் உளவு நிரல், தானாகச் சேமிப்பது, எழுத்தெண்ணிக்கை காட்டுவது.

இதனால்தான் பிரவுசர் தயாரிப்பாளர்கள் 50 மில்லி விநாடிக்கு மேல் இழையை விடாமல் பிடித்து வைத்திருக்கும் எந்த வேலையையும் 'நீண்ட வேலை' என்று முத்திரை குத்துகிறார்கள். கணக்கு எளிது. 100 மில்லி விநாடிக்குள் பதில் தெரிய வேண்டும். உங்கள் விசை வந்து சேரும் தருணத்தில் ஒரு வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தால், அது 50இல் முடிந்தாக வேண்டும். மிச்ச 50 உங்களுக்கு.

வரிசையில் நிற்கும் எழுத்து தொலைவதில்லை; இடம் மாறுவதுமில்லை. ஆகவே சற்று நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஏழெட்டு எழுத்துகள் ஒரேயடியாக, சரியான வரிசையில் வந்து கொட்டினால், முதன்மை இழையை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள் என்று துணிந்து சொல்லலாம். எழுத்துகள் காணாமல் போனாலோ இரட்டித்தாலோ கதை வேறு. அப்போது கீபோர்டையோ, தமிழ் உள்ளீட்டுக் கருவியையோ, கட்டத்துக்குள் இருப்பதைத் தானே திருத்தி எழுதும் பக்கத்தையோ சந்தேகிக்க வேண்டும். முதல் பத்தி துள்ளி ஓடி, ஐந்தாம் பக்கத்தில் தவழ்ந்தால், ஒவ்வொரு விசைக்கும் முழு ஆவணத்தையும் யாரோ மறுபடி மறுபடி படிக்கிறார்கள். சீரான இடைவெளியில் விக்கினால், தானியங்கிச் சேமிப்பு. நோயாளியின் புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்காமல் மருந்தெழுதும் மருத்துவரைப் போல, "கேஷைக் கிளியர் பண்ணுங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பக்கம் திறப்பது சுணங்கினால் கேஷைப் பற்றிப் பேசலாம். திறந்து முடிந்த பக்கத்தில் எழுத்து சுணங்குவதற்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

ஆவணம் நீள நீள மெதுவாகும் அந்த வகை, பார்க்கவே சுவாரசியமானது. அடிக்க அடிக்கத் தானாக உயரும் உரைக் கட்டங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதை எழுதும் எளிய வழி: ஒவ்வொரு விசைக்கும் கட்டத்தின் உயரத்தை அழித்துவிடு, உள்ளே இருப்பதன் உயரம் என்ன என்று பிரவுசரைக் கேள், அந்த உயரத்தைக் கொடு. நடுவிலுள்ள கேள்விதான் வினை. பிரவுசர் இயல்பில் சோம்பேறி, நல்ல அர்த்தத்தில். மாற்றங்களைச் சேர்த்து வைத்து, வரைவதற்கு முன் ஒரே முறை இடக் கணக்குப் போட்டுக்கொள்ளும். "இப்போதே உயரத்தைச் சொல்" என்று நிரல் கேட்டுவிட்டால், அந்தக் கணமே கணக்கைப் போட்டாக வேண்டும். பக்கத்தில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருந்தால் அத்தனைக்கும் அந்தக் கணக்கு நீளக்கூடும். ஒரு மாற்றம், ஒரு கேள்வி, ஒரு மாற்றம், ஒரு கேள்வி என்று சுழலில் எழுதிவிட்டால் ஒரு விசைக்கு நூறு முறைகூடக் கணக்கு நடக்கும். எழுதியவருடைய புதுக் கம்ப்யூட்டரில், மூன்று வரிச் சோதனை உரையில், இது தெரியவே தெரியாது.

இனித் தேடல். ஒவ்வொரு கேள்வியும் பாதையின் ஒரு துண்டை முழுசாகக் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் தேடல் விரைவில் முடியும். முதலில் நோட்பேடைத் திறந்து அடித்துப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் பிரவுசருக்கு விடுதலை. விண்டோஸில் வலது ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியை இயக்கலாமா என்று கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைக்கப்பட்ட அருமையான ஏற்பாடு அது. விசையைச் சற்று நேரம் பிடித்திருந்தாலொழிய எழுத்தை ஏற்காது. யோசனையில் கை ஊன்றியபடி உட்கார்ந்திருப்பவர், வரும் கேள்விக்குப் படிக்காமலே சம்மதம் சொல்லிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரே மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். வயரில்லாக் கீபோர்டானால் இன்னொரு சந்தேகம். யுஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் வயர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஆவணம் வெளியிட்டது. கீபோர்டின் குட்டி ஏற்பி பேசுவதும் பெரும்பாலும் அதே அலைவரிசையில்தான். வெளி ஹார்ட் டிஸ்கின் செருகலுக்குப் பக்கத்துத் துளையில் அந்த ஏற்பி இருந்தால், அதை எடுத்து லேப்டாப்பின் மறுபக்கத்தில் செருகுவதே சிகிச்சை.

நோட்பேடு சரியாக இருந்தால், அடுத்தது பிரவுசரின் முகவரிப் பட்டி. அது பக்கத்துக்குச் சொந்தமில்லை. பிரவுசரின் தலைமைப் பகுதி நேரடியாக நடத்துவது. 2008இல் குரோம் வெளிவந்தபோது டேபுகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் அந்த வழிக்கு வந்தது. ஆகவே முகவரிப் பட்டியில் எழுத்து பறந்து, பக்கத்தில் மட்டும் தவழ்ந்தால், குற்றம் அந்தப் பக்கத்துக்குள்ளோ அதனுள் நுழைந்த ஏதோ ஒன்றிலோ இருக்கிறது. இரண்டு இடத்திலும் தவழ்ந்தால் கம்ப்யூட்டர் முழுக்கவே மூச்சு வாங்குகிறது: ரேம் நிரம்பி டிஸ்கைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், சூட்டினால் புராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல் வரும். ஒன்று கவனிக்க வேண்டும்: ஒரே தளத்தின் இரண்டு டேபுகள் ஒரே பகுதியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதும் டேப் நிரபராதியாகவும், மறந்துபோய்த் திறந்து கிடக்கும் பக்கத்து டேப் குற்றவாளியாகவும் இருக்க முடியும்.

பக்கத்தினுள் நுழைந்த அந்த ஏதோ ஒன்று, பாதி நேரம், எக்ஸ்டென்ஷனாக இருக்கும் என்பது என் அனுபவக் கணிப்பு. இலக்கணம் திருத்துபவை, கடவுச்சொல் நிரப்புபவை, மொழிபெயர்ப்பவை எல்லாம் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தங்கள் நிரலைச் செருகுகின்றன. அந்த நிரல் ஓடுவதும் அதே முதன்மை இழையில்தான். இலக்கணத் திருத்தி உங்கள் சொல்லுக்கடியில் சிவப்புக் கோடு போட வேண்டுமென்றால், அந்தச் சொல் திரையில் எங்கே நிற்கிறது என்று பிரவுசரைக் கேட்டாக வேண்டும். முன்பு பார்த்த 'இப்போதே சொல்' கேள்விதான் இதுவும். நீள உரையில் பல சொற்களுக்கு இப்படிக் கேட்டால் ஒவ்வொரு விசையும் கல்லில் நார் உரிக்கிற வேலையாகிவிடும்.

இன்காக்னிட்டோ சாளரத்தில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பில் இயங்காது. அங்கே நீங்களாக அனுமதித்தவை மட்டும் விதிவிலக்கு. அங்கே அதே பக்கம் விரைவாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் 'ட்ரபிள்ஷூட்' முறையில் திறப்பதும் ஏறக்குறைய இதே சோதனை. பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பதினாறு இருந்தால் எட்டை அணையுங்கள். தாமதம் போனால் ஆள் அந்த எட்டில். போகாவிட்டால் மற்ற எட்டில். நான்கே சுற்றில் பிடித்துவிடலாம், இரண்டு பேர் கூட்டுக் களவாணியாக இல்லாதவரை.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு விசை, ஓரெழுத்து. 'கொ' என்று அடிக்கும்போது முதலில் 'க' தெரிகிறது. உயிர்க்குறி வந்ததும் கொம்பு அதற்கு இடப்பக்கம் முளைத்து, 'க' வலப்பக்கம் தள்ளப்பட்டு, துணைக்கால் பின்னால் சேர்கிறது. யூனிகோடில் இரண்டே குறிகள். திரையில் மூன்று துண்டுகள். இந்த உருவமைப்பை குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் செய்வது ஹார்ஃபஸ் என்ற நிரலகம். அது படுவேகமானது; தமிழ் எழுத்தமைப்பே தாமதத்துக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. உள்ளீட்டுக் கருவி வழியாக ஒலிபெயர்ப்பில் அடிக்கும்போது சொல் முடியும்வரை எழுத்துகள் 'கட்டுமானத்தில்' இருப்பதாகவே பிரவுசர் கருதும். அந்த நேரத்தில் பக்கத்துக்குப் போய்ச்சேரும் விசை எண், நீங்கள் எதை அழுத்தினாலும், 229தான். 'உள்ளே வேலை நடக்கிறது, பொறுத்திரு' என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட பக்கங்கள் இதைக் கண்டுகொள்ளாமல், கட்டுமானத்தின் நடுவிலேயே கட்டத்தின் உள்ளடக்கத்தைத் திருப்பி எழுதிவிடும். விளைவு, எழுத்து இரட்டிக்கும், புள்ளி தொலையும், கருவி மறுபடி தொடக்கத்திலிருந்து கட்டும். இதைப் பிரித்தறிய அதே கட்டத்தில் இரண்டு வரி ஆங்கிலம் அடித்துப் பார்த்தால் போதும். ஆங்கிலம் ஓடித் தமிழ் மட்டும் தடுக்கினால் கருவியும் பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இயங்குதளத்திலேயே உள்ள தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிப் பார்க்கலாம்; அது எழுத்துகளைக் கட்டுமானத்தில் நிறுத்தி வைக்காமல் நேரடியாகத் தருவதாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

இவ்வளவுக்கும் அசையாத தாமதத்துக்கு எஃப்12 விசை. திறக்கும் பலகையில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய், பதிவைத் தொடங்கி, பத்து எழுத்து அடித்து, நிறுத்துங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நிறம் பார்க்கத் தெரிந்தால் போதும். குரோமில் மஞ்சள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட், ஊதா என்றால் இடக் கணக்கு, பச்சை என்றால் வரைதல். நீண்ட வேலைகளின் மூலையில் சிவப்பு அடையாளம் இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் நெடிய மஞ்சள் பட்டை வந்தால், அதைச் சொடுக்கி, எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எக்ஸ்டென்ஷனா, தளத்தின் நிரலா, மூன்றாமவர் விளம்பரமா என்பது பெயரிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பட்டைகள் எல்லாம் சிறிதாக இருந்தும் எழுத்து மெதுவாக வந்தால், கிராஃபிக்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். கிராஃபிக்ஸ் சில்லின் ஓட்டுநிரல் (டிரைவர்) ஒத்துழைக்காதபோது பிரவுசர் வரையும் வேலையைப் புராசஸரிடமே விட்டுவிடும். அமைப்புகளில் உள்ள கிராஃபிக்ஸ் முடுக்கத்தை ஒருமுறை மாற்றிப் போட்டு, பிரவுசரை மறுபடி திறந்து பார்ப்பதுதான் சோதனை.

பட்டைகளும் இல்லை, புராசஸரும் சும்மா இருக்கிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்ற நிலையும் வருவதுண்டு. குரோம் குழுவில் பொறியாளராக இருந்த புரூஸ் டாசன் 2018இல் எழுதிய சம்பவம் இந்த வகையில் புகழ்பெற்றது. 24 உள்ளகங்கள் (கோர்கள்) கொண்ட புராசஸர் அவருடையது. ஜிமெயிலில் சாதாரண மின்னஞ்சல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது சில விநாடிகள் எழுத்தே வரவில்லை. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. வேறு யாராயினும் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் கம்ப்யூட்டரில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவு எப்போதும் சுழற்சியில் ஓடிக்கொண்டிருந்தது. கடந்த சில நொடிகளை அப்படியே சேமித்துப் பிரித்துப் பார்த்தார். ஜிமெயிலின் இழை வேலை செய்யவில்லை. ஒரு பூட்டுக்காகக் காத்து நின்றது. பூட்டைக் கையில் வைத்திருந்தது விண்டோஸின் நிர்வாகச் சேவை ஒன்று. அது ஜிமெயிலின் மெமரிப் பரப்பை மூலை மூலையாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

கணக்கெடுக்க ஏன் அவ்வளவு நேரம்? குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரம், தாக்குபவர்கள் ஊகித்துவிடக் கூடாதென்று, தன் நிரலுக்கான இடத்தை ஒவ்வொரு முறையும் புதுப்புது முகவரியில் எடுத்துக்கொண்டது. எந்த முகவரிக்குள் நிரல் தாவலாம் என்று குறித்து வைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று விண்டோஸில் இருக்கிறது. இடம் காலியான பிறகும் அந்தக் குறிப்புகளுக்கு ஒதுக்கிய மெமரி விடுவிக்கப்படவில்லை. நாள்கணக்கில் மூடாமல் கிடந்த ஜிமெயில் டேபில் அந்தத் துணுக்குகள் குவிந்துகொண்டே போயின. அவற்றைக் கணக்கெடுப்பதும் மிக மெதுவாக நடந்தது. இரண்டு தனித்தனிப் பாதுகாப்பு யோசனைகள், இரண்டும் நல்லவை, சேர்ந்து ஒரு மின்னஞ்சலை நிறுத்திவிட்டன. உள்ளகங்கள் நாற்பது இருந்திருந்தாலும் பயனில்லை, பூட்டு ஒன்றுதான்.

பழைய முகவரிகளையே மறுபடி பயன்படுத்தும்படி குரோமின் எந்திரத்தைத் திருத்தினார்கள். மைக்ரோசாஃப்டும் தன் பக்கத்தைச் சரிசெய்தது. டேபை மூடித் திறந்திருந்தாலும் அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கும். டேபின் பகுதி மடியும்போது, குவிந்த துணுக்குகளும் அதோடு போய்விடும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற வைத்தியம் பலிப்பதன் ரகசியமும் இதேதான். அதில் ஒரு சிக்கல், தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே டேபில் எழுத்து மறுபடி நிற்கும்போது கையில் எதுவும் இருக்காது. ஆகவே மூடுவதற்கு முன் ஒரு நிமிடம்: ஷிஃப்ட், எஸ்கேப், அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் எஃப்12 பதிவு ஒன்று. பிறகு மூடலாம்.